உன் நாவலில் வரும் பண்ணைக்காக

அன்புள்ள செழியனுக்கு,

நாவலை முழுக்கப் படித்துவிட்டேன். வெஸ்லியும் மாத்தியோவும் பேசிக்கொள்கிற இடங்களில் ஒரு வரியைக்கூடத் தொடாதே. ஆனால் அவர்கள் நிற்கிற பண்ணை இன்னும் கதைக்குள் வரவில்லை. மாடு இருக்கிறது, குதிரை இருக்கிறது, மலை இருக்கிறது, வேலை இல்லை. அப்பா விட்டுப்போன நிலத்துக்குத் திரும்பி வரும் கௌபாய் வெஸ்லிக்கும், அந்தப் பண்ணையை நடத்திவரும் வேலையாள் மாத்தியோவுக்கும் நடுவே வரும் காதலை எழுதும்போது வேலையை விட்டுவிட்டால் அந்தக் காதல் நடக்க இடமே கிடைக்காது. அந்த ஊரில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச மாட்டார்கள். கன்று இழுப்பார்கள், வேலி கட்டுவார்கள், ராத்திரி முறை மாற்றிக்கொள்வார்கள். எல்லாம் அதற்குள்தான் நடக்கும். மாட்டு டாக்டராக எனக்குத் தெரிந்ததையும், பண்ணைக் குடும்பங்கள் சொத்து விஷயத்தில் எங்கே சிக்கிக்கொள்கின்றன என்பதையும் எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்.

முதலில் இடம். ‘மொன்டானாவில் ஒரு பள்ளத்தாக்கு’ என்று பொதுவாக விட்டிருக்கிறாய். பிக் ஹோல் பள்ளத்தாக்கில் வை. மாநிலத்தின் தென்மேற்கு மூலை, பீவர்ஹெட் கவுன்ட்டி, கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிக உயரம். விஸ்டம், ஜாக்சன் என்று இரண்டு சின்ன ஊர்கள். ஆஸ்பத்திரிக்கு டில்லன் போக வேண்டும். விஸ்டத்திலிருந்து சுமார் 65 மைல், மலை ஏறி இறங்கும் பாதை. அந்தக் குளிரில் புல்லைத் தவிர வேறு பயிர் அதிகம் நிற்காது. ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பிப் புல்வெளியில் பாயவிட்டு, வருடத்துக்கு ஒரே அறுப்பு, ஜூலையிலும் ஆகஸ்டிலும். அந்தப் புல்லை வீடு உயரத்துக்குப் போராகக் குவிக்க மரத்தாலான ஒரு சாய்வுப் பொறி உண்டு. பீவர்ஸ்லைடு என்பார்கள். 1900களின் தொடக்கத்தில் அந்தப் பள்ளத்தாக்கிலேயே உருவானது. வைக்கோற்போர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியை நீ விளக்கவே வேண்டாம்.

அடுத்து, வெஸ்லியின் அப்பா எந்த மாதம் இறந்தார் என்று நீ சொல்லவே இல்லை. பண்ணையில் அதுதான் முதல் கேள்வி. ஜூலை நடுவில் இறந்தார் என்று வை. புல் நிற்கிறது, அறுக்க ஆள் இல்லை. 590 கிலோ எடையுள்ள ஒரு பசு குளிர்காலத்தில் நாளைக்கு 13 கிலோ உலர்புல் தின்னும். 300 பசு என்றால் நாளைக்கு ஏறக்குறைய 4 டன். டிசம்பரிலிருந்து மே வரை தீவனம் போட்டாக வேண்டும் என்பதால் கிட்டத்தட்ட 600 டன் போரில் இருக்க வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள் அது போர் ஏறாவிட்டால், அக்டோபரில் மாடுகளை விற்பதைத் தவிர வழியில்லை. வெளியில் புல் வாங்கினால் லாரி வாடகையே விழுங்கிவிடும். சாவு வீட்டுக்காக வந்தவன் ஏன் நான்கு நாளில் திரும்பிப் போகவில்லை என்பதற்கு நீ மூன்று பக்கம் மனப்போராட்டம் எழுதியிருக்கிறாய். புல் ஈரமாகக் கிடக்கிறது, மாத்தியோ ஒருவனே டிராக்டரில் இருக்கிறான் என்று இரண்டு வரி போதும், அவன் இறங்கிவிடுவான். ஈரம் காயாத புல்லைக் கட்டினால் உள்ளே சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், சில சமயம் போரே தீப்பிடிக்கும். அதனால் காலைப் பனி காயும்வரை காத்திருந்து, பிறகு இருட்டும்வரை ஓட்டுவார்கள். அந்தக் காத்திருக்கும் காலை நேரம் உன் காதலர்களுக்கு நல்ல நேரம். இன்னொன்று: சாவு விழுந்த வீட்டுப் புல்லை அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் இயந்திரங்களோடு வந்து அறுத்துக் கொடுப்பது அந்த ஊர்ப் பழக்கம். ஊர் முழுக்க வில்லன்களாக நீ எழுதியிருக்கும் அத்தியாயத்தை அதற்காகவே மாற்று. வந்து அறுத்துக் கொடுத்தவனே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முகம் திருப்பிக்கொள்கிறான் என்றால்தான் வலிக்கும்.

வருடக் கணக்கும் கொஞ்சம் இடிக்கிறது. வெஸ்லிக்கு 38 வயது, கதை 2024இல் தொடங்குகிறது என்றால், அவன் 18 வயதில் ஊரை விட்டது 2004. அந்த நவம்பரில்தான் மொன்டானா வாக்காளர்கள், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் மட்டும் என்று மாநில அரசியல் சாசனத்தில் எழுதினார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு ஆதரவாக விழுந்தது. வெஸ்லி கிளம்பியது அந்த வாரம் என்று வைத்தால் காரணத்தை நீ தனியாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அப்பா எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார் என்பதை அவன் கடைசிவரை கேட்கவே இல்லை என்றும் எழுதலாம். ஆணும் ஆணும் உறவுகொள்வது 2004இல் ‘ஜெயிலுக்குப் போகும் குற்றம்’ என்று நீ எழுதியிருப்பது தவறு. அந்தச் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1997இலேயே தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் செத்த அந்தச் சட்டத்தின் வரிகள் 2013 வரை சட்டப் புத்தகத்திலேயே கிடந்தன. 2014 நவம்பர் 19 அன்று ஒரு பெடரல் (மத்திய அரசு) நீதிபதி திருமணத் தடையை நீக்கினார்; 2015 ஜூன் 26இல் நாடு முழுக்க அந்தக் கதவு திறந்தது. இந்தத் தேதிகளில் மாத்தியோ அந்தப் பள்ளத்தாக்கில் மாடு பார்த்துக்கொண்டு தனியாக இருந்திருக்கிறான். ரேடியோவில் கேட்டிருப்பான். அந்த ஒரு நாளை அவனுக்குக் கொடு.

இப்போது கன்று ஈனும் அத்தியாயம். நாவலின் நடு அது, அதிகம் தவறு இருப்பதும் அங்கேதான்.

பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். ஜூன் நடுவில் காளையை விட்டால் மார்ச் கடைசியில் முதல் கன்று. 25, 30 பசுவுக்கு ஒரு காளை என்று விடுவார்கள். அதனால் 300 பசுவும் ஆறு, எட்டு வாரத்துக்குள் ஈன்று தள்ளும். தலையீத்துக் கிடேரிகளைத் தனியாகக் கொட்டகை அருகே அடைத்து, ராத்திரியில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒருவன் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் போனால் மற்றவன் நான்கு மணிக்கு. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டு மாதம் ஒன்றாகத் தூங்கவே முடியாது. நீயோ அந்த மாதத்தில்தான் அவர்களுக்கு முதல் இரவு வைத்திருக்கிறாய். அதைக் குளிர்காலத் தொடக்கத்துக்கு நகர்த்து. மார்ச்சில் அவர்கள் ஒருவர் விட்ட சூட்டில் மற்றவர் படுக்கட்டும். அப்பா ஒரு பழக்கம் வைத்திருந்தார் என்றும் சேர்க்கலாம்: மாலை மங்கும் நேரத்தில் மட்டும் தீவனம் போடுவது. கனடாவில் மானிடோபாவைச் சேர்ந்த கஸ் கோனெஃபால் என்ற பண்ணைக்காரர் பெயரால் அறியப்பட்ட முறை அது. சாயங்காலம் தின்ற மாடுகளில் அதிகம் பகலில் ஈனும். வெஸ்லி வந்தவுடன் வசதிக்காகக் காலையில் தீவனம் போடத் தொடங்க, ராத்திரிக் கன்றுகள் கூட, மாத்தியோ ஒன்றும் சொல்லாமல் நேரத்தை மறுபடி மாலைக்கு மாற்றுகிறான். சண்டைக்கு இது நல்ல காரணம்.

உன் அத்தியாயத்தில் வெஸ்லி இரண்டு கால்களையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி டிராக்டரில் இழுக்கிறான். அந்த இழுப்பில் கன்று செத்திருக்கும், தாய்க்கு இடுப்பு நரம்பு நசுங்கி எழுந்திருக்க முடியாமல் போயிருக்கும். நடப்பது இப்படி. பனிக்குடம் தெரிந்த பிறகு கிடேரிக்கு ஒரு மணி நேரம், ஈன்று பழகிய பசுவுக்கு அரை மணி நேரம். அதற்குள் முன்னேற்றம் இல்லையென்றால் கையைக் கழுவி, வழுக்கும் திரவத்தைத் தாராளமாகப் பூசி, உள்ளே கைவிட்டுப் பார்க்க வேண்டும். குளம்பின் அடிப்பக்கம் கீழே பார்த்தால் பெரும்பாலும் முன்னங்கால், மேலே பார்த்தால் பின்னங்கால். நிச்சயப்படுத்த மூட்டைத் தொட்டுப் பார்: முன்னங்காலில் முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கமாக மடியும், பின்னங்காலில் எதிரெதிராக மடியும். இருட்டில், கை தோள்வரை உள்ளே இருக்க, மாத்தியோ கண்ணை மூடிக்கொண்டு ‘முழங்கால்’ என்று சொல்வதை எழுது.

இரண்டு முன்னங்காலும் மூக்கும் கிடைத்தால் சங்கிலி. கணுவுக்கு மேலே ஒரு சுருக்கு, கணுவுக்குக் கீழே இன்னொரு அரைச் சுருக்கு. ஒற்றைச் சுருக்கில் முழு இழுப்பும் ஒரே இடத்தில் விழுந்து எலும்பு முறியும். பசு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், அவள் ஓயும்போது நிறுத்த வேண்டும். முதலில் ஒரு கால், பிறகு மற்றது, தோள்பட்டைகள் ஒன்றன் பின் ஒன்றாக வரட்டும். தலை வெளியே வந்ததும் நேராக இழுக்காமல் கீழ்நோக்கி, பசுவின் பின்னங்கால் பக்கமாக இழு. கன்றின் இடுப்பு மாட்டிக்கொண்டால் கன்றைக் கால்வாசி வட்டம் திருப்பினால் வழி கிடைக்கும். எவ்வளவு பலம் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு அளவு உண்டு: பலசாலியான இரண்டு ஆண்கள் கையால் இழுக்கும் இழுப்பு. அதற்கு மேல் போகக் கூடாது. அதிலும் வரவில்லையென்றால் அறுவை சிகிச்சைதான், டாக்டரைக் கூப்பிட வேண்டும். உன் கதைக்கு இதைவிடப் பொருத்தமான அளவு எங்கே கிடைக்கும்? இருவரும் ஆளுக்கொரு சங்கிலி பிடித்து, பசுவின் மூச்சுக்குக் காத்திருக்கிறார்கள். டிராக்டரைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிடு.

வெளியே விழுந்த கன்றைத் தலைகீழாகத் தூக்கித் தட்டுவதாக எழுதியிருக்கிறாய். பழைய பழக்கம் அது. தூக்கினால் குடல் உதரவிதானத்தை அழுத்தி மூச்சு இன்னும் திணறும். மூக்கையும் வாயையும் வழித்துவிட்டு, ஒரு வைக்கோல் துரும்பை மூக்குக்குள் விட்டால் தும்மும். மார்பு தரையில் பட, பின்னங்கால் இரண்டையும் பக்கவாட்டில் விரித்துத் தவளை மாதிரி உட்காரவை. தொப்புளில் அயோடின். பிறகு சீம்பால். இரண்டு மணி நேரத்துக்குள் குடித்தால் நல்லது, ஆறு மணி நேரத்துக்குள் இரண்டு லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஒரு நாள் கழிந்தால் குடல் அந்த நோய் எதிர்ப்புப் பொருளை உறிஞ்சவே உறிஞ்சாது. அப்படிப்பட்ட கன்று பத்து நாளில் கழிச்சலில் போகும். கன்று உறிஞ்சாவிட்டால் குழாய் விட வேண்டும். குழாய் உணவுக்குழலில்தான் இருக்கிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்த்து, மூச்சுக்குழல் ஒன்று, பக்கத்தில் குழாய் ஒன்று என்று இரண்டும் கைக்குத் தட்டுப்பட்ட பிறகே பால் ஊற்ற வேண்டும். நுரையீரலில் ஊற்றினால் அங்கேயே முடிந்தது.

குளிரில் விழுந்த கன்றுக்கு முதல் சோதனை, வாய்க்குள் விரல் வைப்பது. வாய் ஜில்லென்று இருந்தால் உடம்பு ஆபத்தான அளவுக்கு ஆறிவிட்டது. இயல்பான சூடு 38.6 டிகிரி, 34.4க்குக் கீழே போய்விட்டால் ஹீட்டர் போதாது, குளியல் தொட்டியில் 38, 40 டிகிரி வெந்நீர் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்தபடி முக்க வேண்டும். வீட்டுக் குளியல் தொட்டியே அதற்குப் பயன்படும். முழங்கை வரை நனைந்து ஒருவன் கன்றின் தாடையைப் பிடித்திருக்க, மற்றவன் தண்ணீர் ஊற்றுகிறான். வெளியே எடுத்ததும் ஈரம் ஒரு துளி இல்லாமல் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் காது நுனி உறைந்து பின்னால் உதிர்ந்துவிடும். காது குட்டையான மாடு ஒன்றைக் கோடையில் காட்டினால் அந்த ராத்திரி வாசகருக்குத் தானாக நினைவு வரும்.

இதோடு ஒரு காட்சியைச் சேர்க்கச் சொல்வேன். ஒரு பசுவின் கன்று செத்துவிடுகிறது. வேறொரு தாய் செத்து ஒரு கன்று அநாதையாக நிற்கிறது. மாத்தியோ செத்த கன்றின் தோலை உரித்து, நான்கு கால் நுழைய ஓட்டை போட்டு, உயிருள்ள கன்றுக்குச் சட்டை மாதிரி மாட்டிக் கட்டுவான். வாலை விட்டுவைப்பது முக்கியம், பசு முதலில் மோந்து பார்ப்பது அங்கேதான். நம்மூரில் பால் சுரக்க வைக்கோல் அடைத்த கன்றைப் பசுவின் முன் நிறுத்துவார்களே, அதில் பால் மனுஷனுக்கு. இதில் கன்றுக்கே தாய் கிடைக்கிறது. மூன்று நாளில் தோல் நாற ஆரம்பிக்கும், அதற்குள் பசு பெரும்பாலும் ஏற்றுக்கொண்டிருக்கும், வெட்டி எடுத்துவிடலாம். வெஸ்லி இதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். நீ அதற்கு விளக்கம் எழுதினால் கெட்டுவிடும்.

உடை விஷயம் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மைனஸ் 30இல் யாரும் கௌபாய் தொப்பி போட்டு மாடு பார்க்க மாட்டார்கள். காது மூடும் கம்பளித் தொப்பி, கழுத்தில் பட்டுத் துணி, காலில் உள்ளே கம்பளி வைத்த ரப்பர் பூட்ஸ். தோல் பூட்ஸும் பெல்ட் பக்கிளும் ஊருக்குப் போகும்போது. குதிரையும் எல்லா வேலைக்கும் இல்லை, பாதி வேலை நான்கு சக்கர வண்டியிலும் பிக்கப்பிலும் நடக்கும். வேலி கட்டும் அத்தியாயம் நன்றாகவே இருக்கிறது. ஒன்று மட்டும்: மர முளையில் ஆணியை முழுக்க அடித்து இறுக்காதே, கம்பி நகர இடம் வேண்டும், இல்லாவிட்டால் பனி அழுத்தும்போதும் எல்க் மான் மோதும்போதும் அறுந்துவிடும். இழுத்த முள்கம்பி அறுந்தால் சாட்டை போல் திரும்பி வரும். அனுபவம் உள்ளவன் எப்போதும் முளைக்கு மறுபக்கம் நிற்பான். மாத்தியோ பேசாமல் வெஸ்லியின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் நகர்த்தலாம்.

கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாளை இன்னும் பெரிதாக்கு. மே கடைசி, ஜூன் தொடக்கம். உன் பிரதியில் அது கூட்டக் காட்சியாக வந்து போகிறது. உண்மையில் அந்த ஊரின் கல்யாண வீடு மாதிரி முறைமை உள்ள நாள் அது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கூலியில்லாமல் வருவார்கள், நீங்கள் திரும்ப அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். குதிரைமேல் இருந்து சுருக்குக் கயிறு வீசிக் கன்றின் இரு பின்னங்காலையும் பிடித்து நெருப்பருகே இழுத்து வருவது மரியாதைக்குரிய வேலை. யார் குதிரை ஏறுவது என்று வீட்டுக்காரன்தான் கேட்டுக்கொள்வான். மற்றவர்கள் தரையில், இருவர் இருவராகக் கன்றை அழுத்திப் பிடிப்பார்கள்: ஒருவன் பின்னால் உட்கார்ந்து மேல்காலை இழுத்துக் கீழ்க்காலைப் பாதத்தால் தள்ளிப் பிடிப்பான், இன்னொருவன் கழுத்தில் முழங்கால் வைத்து முன்னங்காலை மடக்குவான். இரும்பு சிவக்கக் காய்ச்சக் கூடாது, சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். சிவந்த இரும்பு மயிரைப் பற்றவைத்து அடையாளத்தைக் கலைத்துவிடும். ஈரத் தோலிலும் போடக் கூடாது, கொதித்துப் பரவும். சில நொடியில் தோல் சேண நிறத்துக்கு வந்தால் சரி. அதே நேரத்தில் கழுத்துத் தோலுக்கடியில் தடுப்பூசி, காளைக்கன்றுகளுக்குக் காயடிப்பு. கயிறு வீசுபவன் கயிற்றைச் சேணக் கொம்பில் சுற்றும்போது கட்டைவிரலை மேலே தூக்கி வைக்க வேண்டும். கொம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே விரல் மாட்டினால் போய்விடும். அந்த ஊர்க் கிழவர்களில் விரல் குறைந்தவர்கள் உண்டு.

முதல் வருடம் வெஸ்லி யாரைக் குதிரை ஏறச் சொல்கிறான்? அப்பாவின் பழைய நண்பர்களையா, மாத்தியோவையா? அடுத்த வாரம் அவர்கள் வீட்டுச் சூட்டுக்கு இருவருக்கும் சேர்த்து அழைப்பு வருகிறதா, ஒருவனுக்கு மட்டுமா? ஊர் ஏற்றுக்கொண்டதா என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் அந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. யாரும் யாரையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ரோடியோ, அதாவது கௌபாய் விளையாட்டுப் போட்டி வரும் அத்தியாயத்துக்கு ஒரு தகவல். தன்பாலீர்ப்பாளர்களின் ரோடியோவை முதலில் நடத்தியவர் ஃபில் ராக்ஸ்டேல், 1976இல், நெவாடாவின் ரீனோவில். சர்வதேச அமைப்பு 1985இல் உருவானது. அங்கே எல்லாப் போட்டியிலும் ஆணும் பெண்ணும் கலந்துகொள்ளலாம். ஆட்டுக்கு ஜட்டி மாட்டிவிடும் போட்டியும் உண்டு, கடுமையான காளைச் சவாரியும் உண்டு. ‘கௌபாய்களில் இப்படி யாரும் இருந்ததில்லை’ என்று சொல்லும் உன் பக்கத்து வீட்டுக் கிழவருக்கு மாத்தியோ பதில் சொல்ல விரும்பினால், மேற்கின் மாடு மேய்ப்பவர்கள், சுரங்கம் தேடிப் போனவர்கள், மரம் வெட்டுபவர்கள் நடுவே இது இருந்ததை ஆல்ஃபிரெட் கின்ஸியின் 1948 ஆய்வே பதிவு செய்திருக்கிறது. ஆனால் மாத்தியோ பதில் சொல்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி சொத்து. நாவலின் கடைசி மூன்றில் ஒரு பங்கு இதில்தான் நிற்கிறது.

வாரிசு வரி கட்ட முடியாமல் பண்ணையை விற்க வேண்டும் என்கிறாய். மொன்டானாவில் மாநில வாரிசு வரி கிடையாது. பெடரல் வரி, 2025இல் இறந்தவர் என்றால் 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டாலர் வரை இல்லை. 2026இல் அந்த வரம்பு 1.5 கோடி. 300 மாட்டுப் பண்ணையை அந்த வரி அழிக்காது. இன்னும் சொன்னால், வாரிசின் கைக்கு வரும் நிலத்துக்கு அப்பா இறந்த அன்றைய மதிப்பே வாங்கிய விலையாகக் கணக்காகும். உடனே விற்றால் லாப வரி ஏறக்குறைய இருக்காது. அதாவது சட்டம் வெஸ்லியை விற்கச் சொல்லித் தூண்டுகிறது. அந்தத் தூண்டுதல் வில்லனைவிடப் பலமானது.

பண்ணையை உண்மையில் உடைப்பது இரண்டு. ஒன்று, வருடத்துக்கு ஒரே காசோலை. 300 பசுவில் 265 கன்று தேறி, 50 கிடேரியை நிறுத்திவிட்டு 215ஐ நவம்பரில் விற்கிறான் என்று வை. தலைக்கு 550 பவுண்டு, பவுண்டு 3 டாலர் என்றால் ஏறக்குறைய மூன்றரை லட்சம் டாலர். பெரிய தொகையாகத் தெரியும். வங்கியின் நடப்புக் கடன், டீசல், புல் இயந்திரத் தவணை, கூலி எல்லாம் அதிலிருந்தே. அப்பா செத்த வருடம் வங்கி அந்தக் கடனைப் புதுப்பிக்கும் முன் யோசிக்கும். இரண்டாவது, வெஸ்லியின் அக்கா ரூத். உயிலில் ‘இருவருக்கும் சரிபாதி’ என்று எழுதிய பாசமான அப்பாக்களால் உடைந்த பண்ணைகள் ஏராளம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் பங்குதாரர் யார் வேண்டுமானாலும் பாகம் பிரித்துக் கொடு என்று நீதிமன்றம் போகலாம். பாதி நிலத்தில் 300 மாடு மேயாது, பாதி மாட்டில் குடும்பம் பிழைக்காது. ரூத்தைப் பேராசைக்காரியாக எழுதாதே. அவளுக்கு அவள் பங்கு நியாயமானது. நிலத்தை ஒரு நிறுவனத்தின் பெயரில் வைத்து, ரூத்துக்குப் பங்கும், விற்றால் முதலில் வாங்கும் உரிமை வெஸ்லிக்கும் என்று ஒப்பந்தம் போடுவது நிஜத்தில் நடக்கும் வழி. இருவரும் ஒரு வக்கீல் அறையில் அழாமல் உட்கார்ந்திருக்கட்டும்.

பத்திரத்தோடு தானாக வராத ஒன்று மேய்ச்சல் அனுமதி. கோடையில் மாடுகள் அரசு மலை நிலத்தில் மேயும். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 2019 முதல் 2025 வரை கட்டணம் 1.35 டாலர். தனியார் நிலத்தில் அதைப்போல் பல மடங்கு. ஆனால் அந்த அனுமதி சொத்து ஆகாது. வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பித்து வாங்க வேண்டும், நிலமும் மாடும் தன் பெயரில் இருப்பதைக் காட்ட வேண்டும். தண்ணீர் வேறு மாதிரி. நம் பக்கம் தலைமடை, கடைமடை என்று இடத்தை வைத்துச் சண்டை. அங்கே தேதியை வைத்து. யார் முதலில் ஆற்றிலிருந்து எடுத்தாரோ அவருக்கு முதல் உரிமை. 1887 தேதி உள்ளவன் கடைமடையில் இருந்தாலும், வறண்ட ஆகஸ்டில் 1910 தேதிக்காரன் மேலே மடையை மூட வேண்டும். பிக் ஹோல் ஆற்றில் கிரேலிங் என்ற மீனும் இருக்கிறது. அதைக் காப்பாற்ற, தண்ணீர் குறையும்போது தங்கள் பங்கைக் கொஞ்சம் ஆற்றிலேயே விட 2006 முதல் பல பண்ணைகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அப்பா போட்ட அந்தக் கையெழுத்தை மகன் காப்பாற்றுவானா என்பது ஒரு முழு அத்தியாயம் தாங்கும்.

கடைசியாக மாத்தியோ. இருபது வருடம் அந்தப் பண்ணையை நடத்தியவனுக்குக் காகிதத்தில் என்ன இருக்கிறது? உன் பிரதியில் ஒன்றுமில்லை. நிஜப் பண்ணைகளில் நம்பிக்கையான ஆளுக்குக் கூலியோடு, தன் சொந்த மாடுகள் சிலவற்றை முதலாளி மந்தையோடு மேயவிடும் உரிமையும் கொடுப்பதுண்டு. அப்பா மாத்தியோவுக்கு அப்படி 20 பசு அனுமதித்திருந்தார், அவனுக்கென்று தனிச் சூட்டுக் குறியும் பதிவு செய்ய உதவினார் என்று வை. மொன்டானாவில் குறிகளை மாநிலக் கால்நடைத் துறையில் பதிந்து, பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைசியாக 2021இல் நடந்தது. அந்த வருடத்துக் கட்டண ரசீது அப்பாவின் மேசை இழுப்பறையில் கிடைக்கிறது. பேசாத மனிதர் அப்படித்தான் பேசுவார்.

நீ மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்கிறாய். எனக்கும் அதுவே வேண்டும். வராந்தாவில் முத்தத்தோடு நிறுத்தினால், அடுத்த குளிர்காலத்தில் வெஸ்லிக்கு டிராக்டர் கவிழ்ந்தால் மாத்தியோ நடுத்தெருவில் நிற்பான். உயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை என்றால் மொன்டானாச் சட்டப்படி கூட வாழ்ந்தவனுக்கு எதுவும் வராது, எல்லாம் ரூத்துக்கு. பதிவு இல்லாமலே கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்தால் கல்யாணமாக ஏற்கும் மாநிலங்களில் மொன்டானாவும் ஒன்று. ஆனால் அதற்கு ‘ஊரறிய’ என்பது நிபந்தனை. மறைத்து வாழ்ந்தவர்களால் அதை நிரூபிக்க முடியாது. 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த எடித் வின்ட்சர் வழக்கைப் படி. மனைவி தியா இறந்தபோது, சட்டம் அவர்களைத் தம்பதியாகப் பார்க்காததால் எடித்துக்கு வந்த வரி 3,63,053 டாலர். நாடு முழுக்கக் கல்யாணக் கதவைத் தளர்த்தியது ஒரு வாரிசு வரி வழக்குதான். 2022 டிசம்பரில் வந்த சட்டத்தால் பெடரல் அரசு அந்தத் திருமணங்களை ஏற்றாக வேண்டும்.

ஆகவே முடிவை டில்லன் கோர்ட் கட்டடத்துக்குக் கொண்டுபோ. கல்யாண லைசென்ஸ் எடுத்த கையோடு, நிலத்தில் வெஸ்லியின் பங்குக்கு, ஒருவர் போனால் மற்றவருக்கே சேரும்படி இருவர் பெயரில் பத்திரம், இருவருக்கும் தனித்தனி உயில், தண்ணீர் உரிமையில் பெயர் மாற்றம், அப்பாவின் சூட்டுக் குறியில் மாத்தியோவின் பெயர். குமாஸ்தா எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா என்று வாசித்துக் காட்டட்டும். இதில் காதல் இல்லை என்று உன் எடிட்டர் சொன்னால் அவரை என்னிடம் பேசச் சொல்.

கன்று ஈனும் அத்தியாயத்தைத் திருத்தியதும் முதலில் எனக்கு அனுப்பு, சங்கிலியையும் சீம்பால் குழாயையும் வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன். சொத்து வரும் பக்கங்களை மொன்டானாவில் தொழில் செய்யும் வக்கீல் ஒருவர் படித்தால் நல்லது. ரூத்தோடு போடும் ஒப்பந்தத்தின் வாசகத்தில் நான் கை வைக்க மாட்டேன். அருணையும் கேட்டதாகச் சொல். அவன் படம் போடுகிறவன் ஆயிற்றே, பீவர்ஸ்லைடு எப்படி நிற்கும் என்று ஒரு படம் வரைந்து உன் மேசையில் ஒட்டச் சொல். இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
அம்மா